கீழே துணிக்கடை, நடுவில் பயிற்சி வகுப்பு, மேலே விடுதி: தீ விதிகளில் இது என்ன கட்டடம்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சேலம் ஐந்து ரோடு பக்கம் தரைத்தளமும் மூன்று மாடியுமாகச் சொந்தக் கட்டடம். வீடு என்று பிளான் அப்ரூவல் வாங்கிக் கட்டியது. இப்போது கீழே துணிக்கடை, முதல் மாடியில் நீட் பயிற்சி வகுப்பு, இரண்டாவது மாடியில் பெண்கள் விடுதி, மூன்றாவதில் உங்கள் குடும்பம். கரண்ட் பில் கமர்ஷியலில் வருகிறது, சொத்து வரியும் வணிகக் கட்டடத்துக்கான கணக்கில்தான் கட்டுகிறீர்கள். "எல்லாம் ஒழுங்காகக் கட்டும்போது இன்னொரு வகைப்பாடு எதற்கு? பதினைந்து மீட்டருக்குள் இருக்கிற கட்டடத்துக்கு ஃபயர் என்ஓசி, அதாவது தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, வேண்டாம் என்று எங்கள் இன்ஜினியர் சொல்கிறாரே?" என்பது கேள்வி. கடைசியில், ஏற்காட்டில் தாத்தா காலத்து வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கலாமா என்றும் ஒரு வரி. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: தீ விதிகளின் கணக்கில் உங்கள் கட்டடம் வீடா, கடையா, பள்ளிக்கூடமா?

நான் தீயணைப்புத் துறை அதிகாரி இல்லை. சேலம் வட்டாரத்தில் பல வருடங்களாகக் கட்டடங்களுக்குத் தீப் பாதுகாப்பு வரைபடம் போட்டு, ஃபைல் தயாரித்து, ஆய்வுக்கு வருபவர்களுடன் மாடி மாடியாக ஏறி இறங்குகிறவன். ஆகவே விதி என்ன சொல்கிறது, ஆய்வில் என்ன பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியும். கட்டடத்தை நேரில் பார்க்காமல் "உங்களுக்குக் கிடைத்துவிடும்" என்றோ "கிடைக்காது" என்றோ சொல்ல மாட்டேன். அப்படி போனிலேயே சொல்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

மின்வாரியம் உங்களைக் கமர்ஷியல் என்பது யூனிட்டுக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதற்காக. மாநகராட்சி வரி போடுவது வருமானத்துக்காக. பிளான் அப்ரூவல் பார்ப்பது அந்தத் தெருவில் அந்த மனையில் என்ன கட்டலாம் என்பதை. தீ விதிகள் பார்ப்பது வேறு: நள்ளிரவில் புகை வந்தால் உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள், எந்த நிலையில் இருப்பார்கள், எப்படி வெளியே வருவார்கள்? அதனால்தான் ஒரே கட்டடம் நான்கு அலுவலகங்களில் நான்கு பெயரில் இருக்கிறது. ஒன்றில் பணம் கட்டிய ரசீது இன்னொன்றில் செல்லாது. வரி ரசீதை நீட்டி "சார், கமர்ஷியல்னு கட்டிட்டு வர்றோமே" என்று ஆய்வுக்கு வந்தவரிடம் வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்க மாட்டார்.

இந்த வகைப்பாட்டின் அடிப்படை, 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. தொழிலில் எல்லோரும் என்பிசி என்பார்கள். அதன் நான்காம் பகுதிதான் தீ, உயிர்ப் பாதுகாப்பு பற்றியது. பயன்பாட்டை வைத்து கட்டடங்களை ஏ முதல் ஜே வரை ஒன்பது குழுக்களாகப் பிரிக்கிறது. நடுவில் ஐ என்ற எழுத்து கிடையாது. தங்குமிடங்கள் ஏ, கல்வி பி, மருத்துவமனை, முதியோர் இல்லம், சிறை போன்றவை சி, மண்டபம், தியேட்டர், கோயில் என்று கூட்டம் கூடுபவை டி, அலுவலகங்கள் இ, கடைகள் எஃப், தொழிற்கூடங்கள் ஜி, கிடங்குகள் எச், வெடிக்கும், எரியும், நச்சாகும் பொருள் வைக்கும் இடங்கள் ஜே. ஒவ்வொன்றுக்குள்ளும் உட்பிரிவுகள் உண்டு. என்பிசி தன்னளவில் ஒரு வழிகாட்டி நூல்தான். மாநில விதிகளும் உரிமம் கொடுக்கும் துறைகளும் அதைக் கேட்கும்போதுதான் அது உங்கள் கழுத்துக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 1985-ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிகள் சட்டமும், 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளும் இருக்கின்றன. நடைமுறையில் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இந்த எழுத்துகளை மனப்பாடம் செய்வதில் பிரயோஜனம் இல்லை. எதை வைத்துப் பிரித்தார்கள் என்று புரிந்தால் போதும். உள்ளே இருப்பவர் விழித்திருப்பாரா, தூங்குவாரா? அந்தக் கட்டடம் அவருக்குப் பழக்கமானதா, முதல் தடவை வருகிறாரா? தானாக நடந்து வெளியே வர முடியுமா, யாராவது தூக்க வேண்டுமா? பக்கத்தில் எரிவது என்ன? வீட்டுக்காரர் தூங்குவார், ஆனால் இருட்டிலும் கதவு எங்கே என்று அவருக்குத் தெரியும். லாட்ஜில் தங்குபவரும் தூங்குவார், அவருக்கு வழி தெரியாது. கடைக்கு வருபவர் விழித்திருப்பார், வந்த வாசலைத் தவிர வேறு எதையும் கவனித்திருக்க மாட்டார். ஐசியூவில் இருப்பவருக்கு இந்த எதுவும் பொருந்தாது. அவரைக் கட்டிலோடு அடுத்த பகுதிக்குத் தள்ளித்தான் காப்பாற்ற வேண்டும். ஒரு டாக்டர் தன் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தால் அது இ, வக்கீல் ஆபீஸ் மாதிரி. அதே இடத்தில் நோயாளிகளைப் படுக்க வைத்து இரவு தங்க வைத்தால் அது சி-1, மருத்துவமனை. படிக்கட்டு அகலத்திலிருந்து எல்லாமே மாறிவிடும். சேலத்தில் பழைய வீடுகளை நர்சிங் ஹோமாக மாற்றியவர்கள் சிக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சரி, உங்கள் முதல் மாடிக்கு வருவோம். ஒரு தளத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று என்பிசி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. குடியிருப்புக்கு ஆளுக்கு 12.5 சதுர மீட்டர், கல்விக் கட்டடத்துக்கு 4, அலுவலகத்துக்கு 10, தரைத்தளக் கடைக்கு 3, மேல்மாடிக் கடைக்கு 6. உங்கள் தளம் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடாக இருந்தால் 8 பேர். வகுப்பறையாக இருந்தால் 25 பேர். நிஜத்தில் பெஞ்சு நெருக்கிப் போட்டு அறுபது பேரை உட்கார வைத்திருப்பார்கள். உங்கள் மாடிப்படி எட்டுப் பேருக்கு வரைந்தது. என்பிசியில் வீட்டு மாடிப்படி ஒரு மீட்டர் அகலம் இருந்தால் போதும். கல்விக் கட்டடத்துக்கு ஒன்றரை மீட்டர், மருத்துவமனைக்கு இரண்டு. இந்த அரை மீட்டர் வித்தியாசத்தைப் பின்னால் எந்தக் கருவி வாங்கியும் ஈடுகட்ட முடியாது. ஆய்வுக்கு முந்தின நாள் நான்கு தீயணைப்பான் சிலிண்டர் வாங்கி மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்து அந்தப் பதினைந்து மீட்டர். உங்கள் இன்ஜினியர் சொன்னது பாதி சரி. என்பிசியில் 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமானது உயர்மாடிக் கட்டடம். தமிழ்நாட்டின் 2019 விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால். உங்களுடையது இரண்டிலும் வராது. ஆனால் அதே என்பிசி, உயரம் குறைவாக இருந்தாலும் கூடுதல் கவனிப்பில் வரும் கட்டடங்கள் என்று தனியாகச் சிலவற்றைச் சொல்கிறது. 9 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கல்விக் கட்டடம், மருத்துவமனை போன்ற சி குழுக் கட்டடம், கூட்டம் கூடும் டி குழுவில் உயரமே பார்க்காமல் அத்தனையும், கடையோ ஹோட்டலோ அலுவலகமோ கலப்புப் பயன்பாடோ ஏதாவது ஒரு தளம் 500 சதுர மீட்டரைத் தாண்டினால் அதுவும். தரை கூட்டல் மூன்று என்றால் உங்கள் கட்டடம் ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டர் இருக்கும். முழுவதும் வீடாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பயிற்சி வகுப்பைக் கல்வி என்று எடுத்தால் ஒன்பதைத் தாண்டிவிட்டீர்கள். செங்கல் ஒன்றுகூட மாறவில்லை, வாடகைக்கு வந்தவர் மாறினார், வகை மாறிவிட்டது.

இங்கே "எடுத்தால்" என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. இதுவரை சொன்னது விதிப்புத்தகத்தில் இருப்பது. பயிற்சி மையத்தை எந்தக் குழுவில் போடுவது என்பதில் இன்னும் இழுபறி இருக்கிறது. கல்விக் குழுவுக்கு என்பிசி குறைந்தது இருபது மாணவர்கள் என்கிறது. சில மையக்காரர்கள் "நாங்கள் பள்ளி இல்லை, ஆபீஸ்தான்" என்று இ குழுவில் நுழையப் பார்ப்பார்கள். எதிர்ப்பக்கம், ஐம்பது பேருக்குக் குறையாமல் கூடினாலே டி குழுதான் என்று கறாராகப் பேசும் அதிகாரிகளும் உண்டு. என் அபிப்பிராயத்தில் அது கல்விக் கட்டடம்தான். பாடம் நடத்தும் இடத்தை ஆபீஸ் என்று ஃபைலில் எழுதினால் நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்த எழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். 2019 மே 24 அன்று சூரத்தில் ஒரு வணிக வளாகத்தின் உச்சியில் போடப்பட்ட கூரைக்குள் நடந்த பயிற்சி வகுப்பில் தீப்பிடித்து 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். மாடியிலிருந்து பிள்ளைகள் குதித்ததை நாடே டிவியில் பார்த்தது. அதற்குப் பிறகு ஆய்வுக்கு வருகிற எவரும் பயிற்சி மையத்தைச் சாதாரணமாகப் பார்ப்பதில்லை.

இரண்டாவது மாடி விடுதியில் குழப்பமே இல்லை. ஒரே குடும்பத்தைச் சேராதவர்கள் ஒரே நிர்வாகத்தின் கீழ் சேர்ந்து தூங்கும் இடம் ஏ-3, அதாவது டார்மிட்டரி. மாணவர் விடுதிகளை என்பிசி பெயர் சொல்லியே அதில் சேர்க்கிறது. ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே விடுதி இருந்தாலும் அந்தப் பகுதி மட்டும் ஏ-3 ஆகிவிடும். தனியாக, பெண்கள் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தின்படி உரிமம் வாங்க வேண்டும். விடுதி நடத்துபவர் அதை வைத்திருக்கிறாரா என்று இந்த வாரமே கேளுங்கள். வாடகை வாங்குவது நீங்கள்.

இனி கலப்புப் பயன்பாடு. நான்கு வகை ஒரே கட்டடத்தில் இருந்தால் எதன் விதி பொருந்தும்? பொதுவான கொள்கை: தீ தாங்கும் சுவராலும் தளத்தாலும் முறையாகப் பிரித்து, தனித்தனி வெளியேறும் வழியும் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் விதி. அப்படிப் பிரிக்காவிட்டால், இருப்பதிலேயே கடுமையான விதி மொத்தத்துக்கும். துணிக்கடையின் கணக்கு எழுதும் அறையை அலுவலகம் என்று தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. அது கடைக்குத் துணையானது, கடையோடு சேரும். ஆனால் விடுதியும் வகுப்பும் கடைக்குத் துணை இல்லை. நீங்கள் நான்குக்கும் ஒரே மாடிப்படி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பிரிப்பு என்பதே இல்லை. இதன் பொருள், உங்கள் குடும்பம் குடியிருக்கும் மூன்றாவது மாடியும் கடைக்கும் வகுப்புக்கும் உள்ள ஆபத்தைச் சுமக்கிறது.

அந்த மாடிப்படியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சேலத்தில் இந்த மாதிரிக் கட்டடம் எதில் நுழைந்தாலும் காட்சி ஒன்றுதான். படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் போர்டு, அதை ஒட்டி இன்வெர்ட்டர் பேட்டரி, எதிரில் இரண்டு ஸ்கூட்டி, கடையின் காலி அட்டைப்பெட்டிகள், ஆடித் தள்ளுபடி சமயம் என்றால் பிரிக்காத பண்டல்களும். கடையிலிருந்து படிக்கட்டுக்கு ஒரு பக்கவாசல், அதில் சாதாரணப் பிளைவுட் கதவு, அதுவும் ஒரு செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்தே இருக்கும். மேலே போனால் விடுதி வாசலில் கம்பிக்கதவு, ராத்திரி ஒன்பது மணிக்குப் பூட்டு, சாவி வார்டன் அறையில். ஜன்னல் எல்லாம் கிரில். இப்போது அந்த மீட்டர் போர்டில் ஒரு பொறி என்று நினைத்துப் பாருங்கள். பாலியஸ்டர் துணி எரியும் புகைக்கு மேலே போக வழி அந்தப் படிக்கட்டுதான். பிள்ளைகளுக்குக் கீழே வர வழியும் அதுதான். இதில் தீ மேலே வர வேண்டிய அவசியமே இல்லை, புகை போதும்.

அனுமதி வாங்கிய பயனும் நடக்கிற பயனும் வேறாவதுதான் நம் நாட்டுப் பெரிய தீ விபத்துகளில் திரும்பத் திரும்ப வருவது. கொல்கத்தாவில் 2011 டிசம்பரில் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளம் வண்டி நிறுத்த என்று வரைபடத்தில் இருந்தது, கிடங்காகப் பயன்பட்டது. தீ அங்கே, இறந்தது மேல் மாடிகளில் படுக்கையில் இருந்தவர்கள், தொண்ணூறு பேர் அளவில், பெரும்பாலும் புகையால். நம் மாநிலத்தில் 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தில் போட்ட கீற்றுப் பந்தல், அதே வருடம் ஜூலை 16-இல் கும்பகோணத்தில் சமையல் கூடத்துத் தீ வகுப்பறைக் கீற்றுக்கூரைக்கு ஏறி 94 குழந்தைகள். இன்று பள்ளிகளின் அங்கீகாரத்துக்குத் தீப் பாதுகாப்புச் சான்று கேட்பதைத் தொந்தரவு என்று நினைப்பவர்கள் அந்த வருடத்தை மறந்தவர்கள்.

ஒரு பக்கக் குறிப்பு, சேலத்துக்காரர்களுக்கு மட்டும். செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு பக்கம் முன்னறையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, பின்னறையில் குடித்தனம் என்று இருக்கிற வீடுகள் இந்த வகைப்பாட்டில் நன்றாக உட்காருவதே இல்லை. கேஸ் பர்னரும் அமிலமும் இருக்கும் இடம் ஜி குழுத் தொழிற்கூடம். தூங்குகிற இடம் ஏ. பெரிய மில்களையும் அடுக்கு வீடுகளையும் மனதில் வைத்து எழுதிய விதி அது. அங்கே என்ஓசியைவிட சிலிண்டர் இருக்கும் இடத்துக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு கட்டுச்சுவர், பின்பக்கம் ஒரு வாசல் என்று இரண்டைச் செய்யச் சொல்வதுதான் என் வழக்கம். ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்கு வேறு கவலை: காற்றில் பறக்கும் மாவுத்தூசு ஒரு பொறியில் வெடிக்கும், வெளியே பார்த்தால் சாதுவான சரக்கு.

உங்கள் கட்டடத்துக்கு நான் என்ன செய்வேன்? விடுதியை அங்கிருந்து எடுத்துவிடுவேன். இது விதி இல்லை, என் தீர்ப்பு. துணிக்கடைக்கு மேலே, ஒற்றைப் படிக்கட்டில், பூட்டிய கதவுக்குப் பின்னால் முப்பது பேர் தூங்கும் ஏற்பாட்டை எந்தக் கருவி மாட்டியும் எனக்குச் சமாதானம் ஆகாது. வாடகை குறையும், தெரியும். அதை எடுக்கவே முடியாது என்றால் வெளிப்புறமாக இரும்பில் இரண்டாவது படிக்கட்டு ஒன்று, முறையாக, தரைவரைக்கும். தளப் பரப்பு 500 சதுர மீட்டருக்குக் கீழே இருப்பதால் இரண்டாவது படிக்கட்டு கட்டாயமில்லை என்று உங்கள் இன்ஜினியர் வாதிடலாம், அந்த வாதத்தில் சாரம் உண்டு. நான் போடத்தான் சொல்வேன். கடையிலிருந்து படிக்கட்டுக்கு இருக்கும் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள். மீட்டர் போர்டைப் படிக்கட்டுக்கு வெளியே மாற்ற மின்வாரியத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கம்பிக்கதவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி மாற்றுங்கள். பாதுகாப்பு போய்விடும் என்று வார்டன் சொன்னால், வெளியிலிருந்து திறக்க முடியாத, உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கதவுகள் கடையில் கிடைக்கின்றன. இவை எல்லாம் ஆன பிறகு பயன்பாட்டு மாற்றத்துக்குத் திருத்திய வரைபடத்தோடு திட்ட அனுமதிக்குப் போங்கள். வீடு என்று வாங்கிய அப்ரூவலை வைத்துக்கொண்டு தீயணைப்புத் துறையிடம் நேராகப் போனால், அவர்கள் முதலில் கேட்பதே அந்த வரைபடத்தைத்தான்.

ஏற்காட்டு வீட்டைப் பொறுத்தவரை நிலைமை இதைவிட எளிது. தனிவீட்டில் வெளியாருக்கு அறை விட்டாலும் என்பிசியில் அது ஏ-2 வீடாகவே இருக்கலாம்: அறைக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது, மொத்தம் இருபது பேருக்கு மேல் தூங்கும் வசதி கூடாது. அதைத் தாண்டினால் லாட்ஜ் அல்லது டார்மிட்டரி வகைக்குப் போய்விடும். கல்லூரிப் பிள்ளைகள் குழுவாக வந்தால் ஹாலில் மெத்தை விரிக்கலாம் என்று பலர் நினைப்பது இங்கேதான் இடிக்கும். மலைப்பகுதி என்பதால் கட்டட மாற்றத்துக்கு அதற்குரிய தனி அனுமதிகளும் உண்டு. ஓட்டுவீட்டில் மரத்தில் கூரை அடித்திருந்தால் கணப்பு அடுப்பின் புகைபோக்கி அந்த மரத்தைத் தொட்டுப் போகிறதா என்று ஒரு ஆசாரியை வைத்துப் பாருங்கள், ஜெனரேட்டர் டீசலை வீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், அறைகளில் ஹீட்டருக்குப் புது வயரிங் போடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி சேலத்திலிருந்து வண்டி வந்து அணைக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. அறையில் இருப்பவர் தானாகவே இரண்டு நிமிடத்தில் முற்றத்துக்கு வர முடிகிறதா என்று அறை அறையாக நடந்து பாருங்கள். கட்டில் வாங்குவதற்கு முன்னால் எத்தனை கட்டில் என்பதை முடிவு செய்துவிடுங்கள். ஐந்து ரோடு கட்டடத்தின் தளப் பரப்பு, படிக்கட்டு அகலம், தரையிலிருந்து மொட்டை மாடி வரை உயரம் இந்த மூன்றையும் டேப் பிடித்து அளந்து எழுதினால், வரைபடத்தில் எங்கே இடிக்கும் என்று இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடியும்.